கிழிய வேண்டியது ரப்பர்

இழுவை இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது பிரின்சிக்கு இரண்டே சத்தங்கள்தான் முக்கியம். சர்ரென்று கேட்டால் ரப்பர் கிழிகிறது, வெற்றி. டொப்பென்று கேட்டால் ரப்பர் இரும்பை விட்டுக் கழன்றுவிட்டது, தோல்வி.

"டொப்!"

"போச்சா?" என்றார் ராஜமாணிக்கம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இருந்த அந்தச் சிறிய ரப்பர் பாகத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேலாளர்.

"போச்சு சார்."

அது லாரி எஞ்சினைத் தாங்குகிற கட்டை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் துண்டு. எஞ்சின் எவ்வளவு குலுங்கினாலும் இரும்பும் ரப்பரும் பிரியக் கூடாது. இதுவரை ஒட்டும் வேலையை மட்டும் வெளியூரில் வேறொரு கம்பெனிக்கு அனுப்பிச் செய்து வாங்கினார்கள். அதை ஏன் இங்கேயே செய்யக் கூடாது என்று கேட்டது, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பி.எஸ்ஸி. வேதியியல் பிரின்சி. கேட்டதோடு நிற்காமல் முறையையும் அவளே வகுத்தாள். வெள்ளிக்கிழமை லாரி கம்பெனியிலிருந்து ஆள் வருகிறது. அவர்கள் முன்னால் துண்டு நின்றால் இங்கே ஒட்டுப் பிரிவு ஒன்று தொடங்கும், பிரின்சி அதற்குப் பொறுப்பாளர். நிற்காவிட்டால் அந்தப் பேச்சே இனி எடுக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமைச் சோதனையில் கழன்றது. இன்று புதன்கிழமை, மறுபடியும் கழன்றுவிட்டது.

"ஆனா சார், லேப்ல நான் செஞ்சு பாத்த பீஸ் எல்லாம் நிக்குது. அதே கெமிக்கல், அதே ரப்பர். சோதனைக்குன்னு கொண்டாந்தா மட்டும் புட்டுக்குது."

"லாரிக்காரன் உன் லேப்ல வந்தா எஞ்சினை மாட்டப் போறான்?" ராஜமாணிக்கம் கழன்ற துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். "மொதலாளி கேப்பாரு. காட்டணும்."

ரப்பரையும் இரும்பையும் சூட்டில் வைத்து அழுத்துகிற அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற முரளி துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பையன். வலையை விட்டுவிட்டு அச்சுக்கு வந்தவன். "என் பக்கம் சூடு கரெக்டு, டைம் கரெக்டு தங்கச்சி. நீயே நின்னு பாத்தியே. வேணும்னா உன் ஊட்டுக்காரனக் கேளு. இரும்பைக் கழுவுறது அவன்தான்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். பிரின்சிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

*

எபினேசர் அவளுடைய கணவன். கல்யாணமாகி இன்னும் ஒரு கிறிஸ்துமஸ் கூட வரவில்லை. இரும்புத் தகடுகள் மீது சின்னச் சின்ன எஃகு மணிகளை வேகமாக அடித்து, துருவை உதிர்த்து, சொரசொரப்பாக்கி, பிறகு எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவித் தருவது அவன் வேலை. அங்கிருந்து தகடுகள் பிரின்சியிடம் வரும். அவள் ஒட்டு மருந்து பூசி முரளியிடம் அனுப்புவாள்.

சாயங்காலம் பைக்கில் ஆரம்பாக்கத்துக்குத் திரும்பும்போது அவள் கேட்டே விட்டாள். "கழுவுறப்ப கையுறை போட்டுக்கினுதானே இருக்கீங்க?"

"ஏன், இன்னா இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கல நீ. உன் பீஸுன்னா நான் ரெண்டு தபா கழுவுறேன், தெரியுமா? மத்தவங்களுதுக்கு ஒரு தபா. அதுக்கு இது பேரா?"

அவன் பைக்கை வேகமாக முறுக்கினான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்கை அணைத்தான். கூட்டத்தோடு நின்றார்கள். கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனாகவே திரும்பினான்.

"சரி, அது ஏன்தான் ஒட்டணும்? இரும்பு இரும்பு, ரப்பர் ரப்பர். ரெண்டுக்கும் இன்னா சம்மந்தம்?"

கோபத்தை விட ஆர்வம் பெரிதாகிவிட்டால் அவன் இப்படித்தான். பிரின்சிக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. இதைக் கேட்டால் அவளால் பேசாமல் இருக்க முடியாது.

"ஒரு அணு இருக்குன்னு வெய்ங்க. நடுவுல கரு, அதுக்கு பிளஸ் சார்ஜ். சுத்தி எலக்ட்ரானுங்க, மைனஸ். இன்னொரு அணு கிட்ட வருது. இதோட எலக்ட்ரானை அந்தக் கரு இழுக்கும். அதோடத இந்தக் கரு இழுக்கும். கடைசில ஒரு ஜோடி எலக்ட்ரான் நடுவுல நின்னுக்கினு ரெண்டு பேருக்கும் பொதுவாயிடும். அதான் பிணைப்பு."

"அதுங்களுக்கு அதுல இன்னா லாபம்?"

"சக்தி கொறையும். தனியா இருந்தப்ப ரெண்டுக்கும் சேத்து எவ்ளோ சக்தி இருந்துச்சோ, சேந்தப்புறம் அதைவிடக் கம்மி. மிச்சம் சூடா வெளிய போயிடும். கம்மியான எடத்துலதான் எதுவும் நிக்கும். பள்ளத்துல விழுந்த பந்து மாதிரி. மறுபடி மேல கொண்டாரணும்னா, வெளிய போன அவ்ளோ சக்தியையும் நீங்க திருப்பித் தரணும். அது கெடைக்காத வரைக்கும் பிரியாது."

"அப்ப இன்னும் கிட்ட, இன்னும் கிட்டன்னு போய்க்கினே இருந்தா இன்னும் கொறையுமா?"

"கொறையாது! ரெண்டு கருவும் பிளஸ்ஸு இல்ல? ரொம்பக் கிட்ட போனா ஒன்னை ஒன்னு தள்ளும். ஒரு சரியான தூரம் இருக்கு. அங்கதான் நிக்கும்."

எபினேசர் யோசிப்பது போல உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் அவள் பக்கமாகப் பின்னால் நகர்ந்தான். "இவ்ளோ தூரம் போதுமா?"

"ஐயே! கேட்டுல எல்லாரும் பாக்குறாங்க."

பக்கத்து ஆட்டோவிலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரயில் தடதடவென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவள் மிச்சத்தைச் சொன்னாள். ரப்பர் என்பது நீள நீளமான சங்கிலிகள்; அச்சின் சூட்டில் கந்தகம் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே பாலம் போடும்; அதே நேரத்தில் அவள் பூசிய மருந்து ஒரு கையால் இரும்பையும் மறு கையால் ரப்பர் சங்கிலியையும் பிடித்துக்கொள்ளும். சூடு எதற்கு என்று அவன் கேட்டான். பழைய பிடியை விட்டால்தான் புதிய பிடி கிடைக்கும், விடுவதற்கு முதலில் ஒரு மேட்டில் ஏற வேண்டும், ஏற்றிவிடுவது சூடு என்றாள்.

"எல்லாம் இருந்தும் ஏன் புட்டுக்குது?"

"கிட்டயே போக முடியலன்னா?" என்றாள். "அணுவுங்க தொட்டுக்கினாதான் இதெல்லாம். நடுவுல எதோ நிக்குது. இன்னாதுன்னுதான் தெரியல."

கேட் திறந்தது. எபினேசர் பைக்கைக் கிளப்பினான்.

வீட்டில் மாமியார் கன்னியம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். அறுவடைக்கும் நடவுக்கும் போய் மகனை வளர்த்தவள். மருமகள் வேலைக்குப் போவதில் அவளுக்கு விருப்பம் இல்லையென்றுதான் பிரின்சி நினைத்திருந்தாள். ஏனென்றால் கன்னியம்மாவின் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

"இன்னிக்கும் ஒட்டலயாமே?"

"இல்ல அத்த."

"காலேஜி படிச்சவங்க செஞ்சதே ஒட்டல. நல்லா கீதுடி." குழம்பை இரண்டாவது கரண்டி ஊற்றினாள். "துன்னு. மூஞ்சப் பாரு, காஞ்ச கருவாடு மாதிரி. வெள்ளிக்கெழம எனக்கு சோறு வெக்காதீங்க. நான் உபவாசம்."

எதற்கு உபவாசம் என்று பிரின்சி கேட்கவில்லை. சபையில் ஏதாவது கூட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் லாரி கம்பெனியின் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றபோது, பிரின்சி ராஜமாணிக்கத்தின் அறையில் இருந்தாள். அவருடைய மேஜையில் அந்தப் பிளாஸ்டிக் பை கிடந்தது. திங்கட்கிழமை கழன்ற துண்டுகளை உடனே சூளைக்கு அனுப்பி, ரப்பரை எரித்து, இரும்பைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். புதன்கிழமைத் துண்டு ஒன்றுதான் மிச்சம்.

பையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

இரும்பின் ஓரங்களில் ரப்பர் துணுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தன. அங்கே அவளுடைய மருந்து வேலை செய்திருக்கிறது! நடுவில்தான் ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு பளபளத்தது. கழன்றது அங்கே தொடங்கி வெளியே பரவியிருக்கிறது. அவள் துண்டைச் சாய்த்தாள். அந்தப் பளபளப்புக்கு ஒரு வடிவம் இருந்தது. நீளமாக ஒரு கோடு. அதன் குறுக்கே, கொஞ்சம் மேலே, குட்டையாக இன்னொரு கோடு.

கோடுகளின் அகலம் ஒரு விரல் அகலம்.

பிரின்சி துண்டை ஜன்னலுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இன்னொரு தகட்டைத் திருப்பினாள். அதிலும் அதே. மருந்து வழிந்தால் இப்படி ஆகாது. துரு இருந்தாலும் இப்படி ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாஸ்டர் அவள் நெற்றியில் வரைகிற வடிவம் அது!

"கண்டுபுடிச்சிட்டேன்!"

அறைக்குள் நுழைந்துகொண்டிருந்த ராஜமாணிக்கம் பயந்து பின்வாங்கினார். "இன்னாம்மா? கெஸ்ட் வந்துட்டாங்க..."

"சார், அவங்களுக்கு வடை, டீ குடுங்க. பிளாண்ட்டைச் சுத்திக் காட்டுங்க. மெதுவா காட்டுங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் படிக்கட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். கிடங்கைத் தாண்டி, ரப்பர் பிசையும் உருளைகளைத் தாண்டி, முரளியின் அச்சைத் தாண்டி ஓடினாள். "தங்கச்சி, ஃபயரா?" என்று முரளி கத்தினான். கழுவும் பகுதியின் பிளாஸ்டிக் திரையை விலக்கினாள்.

எபினேசர் இவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். கழுவி முடித்த தகடுகள் தட்டில் வரிசையாக இருந்தன. இடது கையில் கையுறை. வலது கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தான். மேஜையில் ஒரு குட்டிப் பாட்டில். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"எபி!"

பெயர் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டதே இல்லை. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் விரல் நுனி பளபளவென்று மின்னியது.

"எத்தனை பீஸுக்கு வெச்சீங்க?"

"இன்னாது?"

"எண்ணெ! எத்தனை பீஸுக்கு?"

"இப்பதான்... ஒரு பீஸ். ரெண்டு தகடுதான் ஆச்சு." அவன் முகம் சிவந்துவிட்டது. "ஜெப எண்ணெ பிரின்சி. அம்மா குடுத்துச்சு. பாஸ்டர் கையால ஜெபம் பண்ணது. உன் வேலை நல்லா வரணும்னு, ஒவ்வொரு பீஸ்லயும் ஒரு சொட்டு வெச்சு அனுப்புடான்னுச்சு. உன் கிட்ட சொல்ல வாணாம், சிரிப்பான்னுச்சு."

"அத்தையா?"

"அதுதான். இன்னிக்கு உபவாசம் கூட உனக்காகத்தான்."

பிரின்சியின் கண் அந்தக் குட்டிப் பாட்டிலுக்குப் போனது. குழம்பு இரண்டாவது கரண்டி ஊற்றிய கை ஞாபகம் வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்புதான் முந்தியது.

"இன்னாத்துக்கு சிரிக்கிற? சாமி விஷயம்..."

"சாமியப் பாத்து சிரிக்கலங்க. எண்ணெயப் பாத்து சிரிக்கிறேன்." ராஜமாணிக்கத்தின் மேஜையிலிருந்து எடுத்து வந்த துண்டை அவனிடம் நீட்டினாள். "இதப் பாருங்க. நீங்க போட்ட சிலுவை. அது மேல மட்டும் ஒட்டவே இல்ல."

அவன் வாங்கிப் பார்த்தான். தன் விரலை அந்தக் கோட்டின் மேலே, தொடாமல், வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது.

"ஐயோ," என்றான் மெல்ல. "நானா?"

"எண்ணெ ஒரு திருப்தியான ஆளு. அதுல இருக்கற எலக்ட்ரான் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேந்தாச்சு. சும்மா வந்து பக்கத்துல படுத்துக்கும், யாரையும் இறுக்கிப் புடிக்காது. நான் பூசுற மருந்து இரும்பைத் தேடிக்கினு வருது. நடுவுல இது படுத்துக்கினு கீது. தொட முடியல. தொடலன்னா எலக்ட்ரானை எப்டி பங்கு போட்டுக்கும்?"

"அதான் லேப்ல நிக்குதா? அங்க நீயே கழுவிக்கிற."

"அதான்! ரொம்ப முக்கியமான பீஸுன்னு நீங்க அக்கறையா அனுப்பினதுதான் எல்லாம் புட்டுக்கினு போச்சு."

அவன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஜெபமே தப்பா?"

"ஜெபத்தை யாரு வாணாம்னது?" பிரின்சி அவனுடைய எண்ணெய் விரலைப் பிடித்து இழுத்து, தன் நெற்றியில் வைத்தாள். "வெய்ங்க. இங்க வெய்ங்க. சீக்கிரம், டைம் இல்ல."

அவன் வைத்தான். மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. கண்ணை மூடி ஒரு வரி முணுமுணுத்தான். அவளும் ஆமென் என்றாள். உடனே தொப்பியை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டு, புதுக் கையுறைகளை மாட்டினாள்.

"மீதித் தகட்டை எல்லாம் எதுக்கும் இன்னொரு தபா கழுவுங்க. எண்ணெ வெச்ச ரெண்டை மட்டும் கழுவாதீங்க."

"ஏன்?"

"அது எனக்கு வேணும்."

*

லாரி கம்பெனிப் பொறியாளரின் பெயர் சந்திரகலா. அதிகம் பேசாத பெண்மணி. வடையைப் பாதியில் வைத்துவிட்டுச் சோதனை அறிக்கைகளைத்தான் முதலில் கேட்டார். பிரின்சி மருந்து பூசி, உலர்த்தி, மறு பூச்சும் உலர்ந்து, முரளி அச்சை மூடுவதற்குள் ராஜமாணிக்கம் அவருக்குத் தொழிற்சாலையின் குடிநீர்த் தொட்டி வரை காட்டியிருந்தார்.

"தங்கச்சி, நெத்தியத் தொட்டுட்டு பீஸைத் தொட்ட, அவ்ளோதான்," என்று முரளி எச்சரித்தான். விஷயம் அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. "மச்சான், நீ இந்தப் பக்கமே வராத. அங்கியே நில்லு."

அச்சு திறந்தது. புகையும் கந்தக வாடையும் எழுந்தன. துண்டுகள் ஆறியதும் பிரின்சி ஒன்றின் மீது மட்டும் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள்.

"இது எதுக்கு?" ராஜமாணிக்கம் காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"எண்ணெ வெச்ச பீஸ் சார். அவங்க முன்னால இதையும் இழுக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? நல்லதை மட்டும் காட்டும்மா!"

"அறிக்கையில ரெண்டு தபா ஃபெயில்னு போட்டிருக்கு சார். ஏன்னு கேப்பாங்க. காரணம் தெரியாம இன்னிக்கு நின்னுச்சுன்னா, நாளைக்கு நிக்கும்னு எப்டி நம்புவாங்க?"

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்தார்.

எல்லோரும் இழுவை இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். முதலில் சுத்தமான துண்டு. இரண்டு தாடைகளும் தகடுகளைக் கவ்வி எதிரெதிராக இழுத்தன. ரப்பர் நீண்டது. இன்னும் நீண்டது. நடுவில் மெலிந்து வெளிறியது. திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. பிரின்சி தன் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ...

சர்ர்ர்!

கிழிந்தது. ரப்பரே குறுக்காகக் கிழிந்து போனது. இரண்டு தகடுகளிலும் கறுப்பு ரப்பர் ஒரு மயிரிழை இடம் கூட விடாமல் அப்பியிருந்தது. "கிழிஞ்சிடுச்சு டோய்!" என்று முரளி துள்ளினான். தூரத்தில் நின்ற எபினேசர் தலைக்கு மேலே கைகளைத் தட்டினான்.

சந்திரகலா தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "நல்லா இருக்கு," என்றார். "திங்கள், புதன் ரெண்டு நாளும் ஏன் நிக்கலை?"

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். பிரின்சி முந்திக்கொண்டாள்.

"அதைக் காட்டத்தான் மேடம் இன்னொரு பீஸ். இது கழலும். நடுவுலேருந்து கழலும். நடுவுல வெறும் இரும்பு தெரியும், சிலுவை வடிவத்துல. ஓரத்துல மட்டும் ரப்பர் ஒட்டியிருக்கும்."

"இழுக்கறதுக்கு முன்னாடியே சொல்றீங்களா?"

"ஆமா மேடம்."

சந்திரகலா இயந்திரத்துக்கு இன்னும் அருகே வந்தார். வட்டம் போட்ட துண்டை முரளி மாட்டினான். நீண்டது. பாதி தூரம் கூடப் போகவில்லை.

டொப்!

அந்தச் சத்தத்தைக் கேட்டு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரின்சி சந்தோஷப்பட்டாள். எடுத்து நீட்டினாள். வெறும் இரும்பில் நீளமாக ஒரு கோடு, குறுக்கே குட்டையாக ஒரு கோடு. ஓரங்களில் ரப்பர்.

சந்திரகலாவின் புருவம் உயர்ந்தது. "எப்படித் தெரியும்?"

"நான்தான் மேடம்." எபினேசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கைகளை முன்னால் கோத்துக்கொண்டான். "கழுவுறது நான். சோதனை பீஸுக்கெல்லாம் ஜெப எண்ணெ வெச்சேன். இவங்களுக்குத் தெரியாது. இன்னிக்குதான் கண்டுபுடிச்சாங்க."

"இவங்க?"

"என் ஒய்ஃப் மேடம்."

சந்திரகலா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சிலுவையைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் இளகியது.

"எங்க பிளாண்ட்ல ஆயுத பூஜை அன்னைக்கு அளவுக் கருவியில எல்லாம் சந்தனம் வெச்சுட்டாங்க," என்றார். "ஒரு வாரம் எல்லா பீஸும் அளவு தப்புன்னு காட்டுச்சு. கண்டுபிடிக்க நான் தலைகீழா நின்னேன்." அவர் சிரிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், ராஜமாணிக்கம் எல்லோரையும் விடச் சத்தமாக.

சிரிப்பு அடங்கியதும் சந்திரகலா ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு நின்ன பீஸை மட்டும் காட்டியிருந்தா, இன்னும் மூணு சோதனை கேட்டிருப்பேன். எது ஒட்டும், எது ஒட்டாது, ஏன், மூணும் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பிரிவை ஆரம்பிச்சுடுங்க. முதல் லாட் எப்ப தருவீங்க?"

கேள்வி ராஜமாணிக்கத்திடம் கேட்கப்பட்டது. அவர் பிரின்சியைப் பார்த்தார். முரளியும் அவளைத்தான் பார்த்தான். எபினேசர் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"மூடின ரூம் ஒண்ணு வேணும் சார்," என்றாள் பிரின்சி. வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "தூசி வரக் கூடாது. மருந்து பூச ரெண்டு பேர். கழுவுறதுக்கும் பூசுறதுக்கும் நடுவுல வெறுங்கை எதையும் தொடக் கூடாது. அது மட்டும் கெடைச்சா அடுத்த வெள்ளிக்கெழமையே மேடம்!"

சைகையால் எபினேசர் அவளிடம் போனைக் காட்டினான். வாங்கிக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு ஓடினாள். மறுமுனையில் கன்னியம்மா, பசி மயக்கத்திலும் குரல் குறையாமல்.

"இன்னாடி ஆச்சு? ஒட்டிச்சா இல்லியா?"

"ஒட்டிச்சு அத்த! ரப்பரே கிழிஞ்சிச்சு, ஒட்டு வுடல! ஸ்தோத்திரம் சொல்லிட்டு மொதல்ல எதுனா சாப்புடுங்க. சாயந்தரம் வந்து எல்லாம் சொல்றேன், உங்க புள்ள பண்ண கூத்து வரைக்கும்!"